சும்மா இருக்க வந்தனாங்கள்

ஒரு படத்தில் இருந்து தொடங்குகிறேன். நீளமான மர மேசை, மேலே முந்திரிகைப் பந்தல், தூரத்தில் சைப்பிரஸ் மரங்கள் வரிசையாய் ஏறிப் போகிற ஒரு குன்று. மேசையைச் சுற்றி எங்கட குடும்பம். லண்டன், சூரிச், ரொறொன்ரோ எல்லாம் ஒரே மேசையில். பின்னேர வெயில் முகத்தில் விழுந்து எல்லாரும் நல்ல வடிவு. போன வருசம் ஆடி மாதம் எங்கட சொந்தக்காரர் எல்லாற்ர போனுக்குள்ளாலும் போய் வந்த படம் அது. கீழே மச்சாள் ஒரு இத்தாலிய வாசகம் போட்டிருந்தா: ‘தோல்சே ஃபார் நியெந்தே’. ஒன்றும் செய்யாமல் இருப்பதன் இனிமை என்று அர்த்தம்.

படத்தில் இருப்பது 21 பேர். அந்த வீட்டுக்குப் போனது 23 பேர். ஒராள் நான், படத்தை எடுத்ததே நான் தான். மற்றாள் சின்னம்மா. அந்த நேரம் அவ குசினிக்குள் இரண்டாம் ஈடு கத்தரிக்காய் பொரித்துக் கொண்டிருந்தா.

இந்தக் கட்டுரை அந்த வாசகத்துக்கு எதிரானது. இத்தாலிக்கு எதிரானது இல்லை, விடுமுறைக்கும் எதிரானது இல்லை. ‘சும்மா இருக்க வந்தனாங்கள்’ என்று ஏழு நாளும் எங்கட ஆக்கள் சொல்லிக் கொண்டிருந்த அந்த ஒற்றை வசனத்துக்கு எதிரானது. ஒரு வீட்டில் 21 பேர் சும்மா இருக்கினம் என்றால், அங்கே யாரோ ஒராள் சும்மா இல்லை. இது தத்துவம் இல்லை, வெறும் கணக்கு.

போன கதை

பெரியப்பாவுக்கு 60 வயது. மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, ஹெலியில் பூப் போட்டுக் கொண்டாடுகிற கொண்டாட்டம் வேண்டாம், சிதறிக் கிடக்கிற சகோதரங்கள் எல்லாம் ஒரு கூரைக்குக் கீழே ஒரு கிழமை இருப்பம் என்று அவரே சொன்னார். நல்ல எண்ணம். அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். இத்தாலியின் தொஸ்கானாப் பக்கம் (ஆங்கிலத்தில் டஸ்கனி) சியெனா மாகாணத்தில் ஒரு வில்லா எடுத்தார்கள். பத்து அறை, நீச்சல் குளம், சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. ஊரில் இருந்து எனக்கு மட்டும் ரிக்கெற் வந்தது. கம்பஸில் படிக்கிற பிள்ளை, உலகத்தைப் பார்க்கட்டும் என்று. வீசாவுக்காக இரண்டு தரம் கொழும்புக்கு இரவு பஸ் ஏறினேன். ஆகவே இதை எழுதுகிறவள் அந்த வீட்டில் தின்று, குடித்து, நீந்தி, நித்திரை கொண்டவள். அதை ஒளிக்கவில்லை.

சின்னம்மா வந்தது பலெர்மோவில் இருந்து. பலெர்மோவில் எங்கட சனம் கணக்க இருக்கு. அங்குள்ள மலைக் குகைக் கோயிலில் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட வேதக்காரரோடு சேர்ந்து சைவக்காரரும் நடந்து ஏறுவினம் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே போன எங்கட ஆக்களில் அதிகம் பேர் செய்தது வீட்டு வேலை. சின்னம்மாவும் 24 வருசமாய் அதைத்தான் செய்கிறா. துடைக்கிறது, தோய்க்கிறது, இஸ்திரிப் போடுறது, வயசு போனவையைப் பார்க்கிறது. லண்டனில் இருக்கிறவைக்கு அவ ‘இத்தாலிச் சின்னம்மா’. அந்தச் சொல்லில் இருக்கிற மெல்லிய இறக்கத்தைக் குடும்பத்துக்குள் இருக்கிறவைக்குத்தான் தெரியும்.

இத்தாலியில் இந்த வேலைக்கு ஒரு உத்தியோகபூர்வப் பெயர் இருக்கிறது. ‘கோல்ஃப்’ என்று சுருக்கிச் சொல்வார்கள், விரித்தால் ‘குடும்ப ஒத்துழைப்பாளர்’ என்று வரும். வீட்டு வேலையாட்களுக்கென்று தேசிய மட்டத்தில் ஒரு கூட்டு ஒப்பந்தமும் இருக்கிறது. அதன்படி வருசத்துக்கு 26 வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை, வருச முடிவில் 13ஆம் மாதச் சம்பளம். எல்லாருக்கும் ஒழுங்காய்க் கிடைக்கிறதா என்பது வேறு கதை. சின்னம்மாவுக்குக் கிடைக்கிறது. அந்த விடுமுறையில் ஒரு கிழமையை வெட்டி எடுத்துத்தான் எங்களோடு வந்தா.

அந்த ஒரு கிழமையும் அவ வேலை செய்தா. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் இருந்து விடுமுறை எடுத்துக் கொண்டு வந்து, சம்பளமில்லாமல் அதே வேலையைச் செய்தா. இந்த முறை அசல் குடும்பத்துக்கே ‘குடும்ப ஒத்துழைப்பாளர்’.

அந்த வீடு யாருடையது

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டைப் பற்றித் தெரிந்த பிறகுதான் எனக்குக் கோவம் வந்தது.

நாங்கள் கூடியிருந்த பெரிய கூடம் கீழ்த்தளத்தில். செங்கல் வளைவுக் கூரை, வெள்ளைச் சோபா, சுவரோடு நீளமாய் ஒரு கல் தொட்டி. தொட்டிக்குள் சின்னனுகள் விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்தார்கள். சுவரில் துருப்பிடித்த இரும்பு வளையங்கள் இருந்தன. அதில் ஈரத் துவாய்களைக் கொழுவினோம். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் குளத்தைப் பார்க்க வந்தபோது சின்னம்மா கேட்டு, எனக்கு மொழிபெயர்த்தா. அது மாட்டுத் தொழுவம். தொட்டி மாடு தின்கிற தொட்டி. வளையம் எருது கட்டுகிற வளையம். மேல் மாடியில் இருந்ததுதான் வீடு, நடுவில் குசினி, சுற்றி அறைகள்.

தொஸ்கானாவில் இன்றைக்கு ‘வில்லா’ என்று வாடகைக்கு விடப்படுகிற வீடுகளில் கணக்க வீடுகள் உண்மையில் வில்லாக்கள் இல்லை. வில்லா என்பது நிலச் சொந்தக்காரர் கோடைக்கு வந்து தங்குகிற மாளிகை. இவை அந்த நிலத்தில் வேலை செய்த குடியானவர்களின் வீடுகள். மத்திய இத்தாலியில் பல நூற்றாண்டுகளாய் இருந்த முறைக்கு ‘மெட்சாட்ரியா’ என்று பெயர். ‘மெட்சோ’ என்றால் பாதி. எங்கட ஊர்ப் பேச்சில் சொன்னால் வாரத்துக்குச் செய்யிறது. நிலமும் வீடும் முதலாளியின்ர, உழைப்பு குடியானவரின்ர, விளைச்சலில் பாதிப் பாதி. பாதிப் பாதி என்றால் கேட்க நீதியாய்த்தான் இருக்கும். அதற்கு மேலே கோழி, முட்டை என்று வருசத்துக்கு இவ்வளவு முதலாளி வீட்டுக்குப் போக வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டும்.

அந்த வீடுகள் ஏன் அவ்வளவு பெரிது? இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. ‘பெரிய குழுக்களுக்கு ஏற்றது’ என்று விளம்பரத்தில் இருந்தது, நாங்களும் 23 பேர், சரியாய்ப் போச்சு. குடியானவர் குடும்பம் பெரிதாய் இருந்ததால்தான் வீடும் பெரிது. ஒப்பந்தம் ஒரு தனி ஆளோடு இல்லை, முழுக் குடும்பத்தோடு. நிலத்துக்குத் தக்க கை வேண்டும். அண்ணன் தம்பி, அவையின்ர பெண்சாதிமார், பிள்ளைகள், கிழவன் கிழவி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேசையில். கலியாணம் கட்டுவதற்குக்கூட முதலாளியின் சம்மதம் வேண்டியிருந்தது. ஒரு வாய் கூடுவதும் ஒரு கை குறைவதும் முதலாளியின் கணக்கு.

அந்தக் கணக்கில் இன்னொரு கணக்கு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இத்தாலிய விவசாயப் பொருளாதார அறிஞர் அர்ரிகோ செர்பியெரியின் பெயரால் ஒரு அட்டவணை புழங்கியது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உழைப்புச் சக்தி இருக்கிறது என்று கணக்கிட: வளர்ந்த ஆண் 1, வளர்ந்த பெண் 0.6, பெடியன் 0.5. வயலிலும் நின்று, பாண் சுட்டு, கோழி வளர்த்து, உடுப்புத் தோய்த்து, பிள்ளையும் பெற்ற மனுசி முக்கால் ஆள்கூட இல்லை.

1964இல் புதிய மெட்சாட்ரியா ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. 1982இல் மிஞ்சியிருந்தவற்றைக் குத்தகையாய் மாற்ற இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வர முதலே சனம் வெளிக்கிட்டு விட்டது. 50களிலும் 60களிலும் குடும்பம் குடும்பமாய்த் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போனார்கள். வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. பிறகு வெளிநாட்டுக்காரரும் நகரத்துக்காரரும் வந்து மலிவாய் வாங்கத் தொடங்கினார்கள். 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1996இல் பிரான்செஸ் மேயஸ் என்கிற அமெரிக்கர் கொர்தோனாவில் பழைய வீடு ஒன்றை வாங்கித் திருத்தின கதையைப் புத்தகமாய் எழுதினா, ‘அண்டர் த டஸ்கன் சன்’. 2003இல் படமும் வந்தது. மச்சாள் அதை நாலு தரம் பார்த்தவ. அந்தப் படத்தில் வீட்டைத் திருத்துகிறவர்கள் போலந்தில் இருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அதைக் கேட்டால் மச்சாளுக்கு ஞாபகமில்லை. சூரியகாந்தி ஞாபகம் இருக்கு.

பக்கத்தில் உள்ள வால் டோர்ச்சா பள்ளத்தாக்கை 2004இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. அந்த நிலக்காட்சி மனுசர் திட்டமிட்டுச் செதுக்கியது, ஓவியர்கள் வரைந்தது என்பதற்காக. உண்மை. செதுக்கின கைகள் எங்கே என்றுதான் என் கேள்வி. ‘என்ன அமைதி பாத்தியா’ என்று மாமா பல்கனியில் நின்று சொன்னார். அந்த அமைதி இயற்கை இல்லை, மாமா. அது சனம் வெளியேறின அமைதி. யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தமில்லாமையின் சத்தம் நல்லாய்த் தெரியும்.

700 வருசத்துக்கு முந்தின ஒரு கூட்டம்

பெரிய குழு, இத்தாலியக் கிராமம், அழகான வீடு. இந்தக் கதையை எங்களுக்கு முதல் எழுதினது பொக்காச்சியோ. எங்கட பாடத்தில் அவருடைய ‘டெக்கமரோன்’ ஒரு துண்டு வருகிறது. 1348இல் புளோரன்சில் கொள்ளை நோய். ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் ஒரு தேவாலயத்தில் சந்தித்து, நகரத்துக்கு வெளியே ஒரு குன்றின் மேலுள்ள மாளிகைக்குப் போய் நாளுக்குப் பத்தாய் நூறு கதை சொல்கிறார்கள். வகுப்பில் நாங்கள் படித்தது இவ்வளவும்தான். பத்துப் பேர், நூறு கதை.

போனது பத்துப் பேர் இல்லை. பதினேழு பேர். நாலு வேலைக்காரிகளும் மூன்று வேலைக்காரரும் கூடப் போனார்கள். முதல் நாளே, அன்றைக்கு இராணியாய் இருக்கிற பம்பினேயா வேலையைப் பிரித்துக் கொடுக்கிறா. மிசியாவும் லிசிஸ்காவும் குசினி. கிமேராவும் ஸ்திராத்திலியாவும் அறைகளைத் துப்பரவாக்க. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை. கூடவே ஒரு கட்டளை: வெளியில் இருந்து சந்தோசமில்லாத செய்தி எதையும் வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது.

நூறு கதையில் அந்த ஏழு பேருக்கு ஒரு கதைகூட இல்லை. ஆறாம் நாள் குசினியில் லிசிஸ்காவும் திந்தாரோவும் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கிறது. கூப்பிட்டு விசாரிக்கினம். லிசிஸ்கா வாய் திறக்கிறா, கலியாணம் கட்டுகிற பெட்டையளைப் பற்றி வெளுத்து வாங்குகிறா. பெரிய இடத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கினம். பிறகு இராணி அவவை வாயை மூடச் சொல்லி அனுப்பி விடுகிறா. விசயம் என்னவென்றால், அடுத்த நாள் கதைக்குத் தலைப்பே லிசிஸ்கா சொன்னதில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. தலைப்பு அவவின்ர, கதை மற்றவையின்ர.

போக முதல் இதை நான் ஒரு ‘பிரேம் நரேட்டிவ்’ என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தவள். அந்த வீட்டுக்குப் போய் நாலாம் நாள்தான் விளங்கினது, நான் வேலைக்காரரை எண்ணவே இல்லை என்று.

குசினிக்குள் நடந்தது

யாரும் சின்னம்மாவை ‘சமை’ என்று சொல்லவில்லை. இதை நேர்மையாய்ச் சொல்ல வேண்டும். எங்கட குடும்பங்களில் அப்படிச் சொல்வதில்லை. முதல் நாள் இரவு எல்லாரும் களைத்து வந்து சேர்ந்தோம். கடை 14 கிலோமீற்றருக்கு அங்கால், வெள்ளைக் கல் ரோட்டால் போக வேணும். அடுத்த நாள் ஞாயிறு. ‘உனக்குத் தானே இங்கத்தைச் சாமான் தெரியும்’ என்று பெரியம்மா சொன்னா. அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தோடு குசினி சின்னம்மாவின்ர ஆச்சு.

பிறகு எல்லாம் தானாய் நடந்தது. காலமை ஆறு மணிக்குத் தேத்தண்ணி, கோப்பி. எட்டு மணிக்குச் சின்னனுகளுக்கு ஒரு சாப்பாடு, பத்து மணிக்குப் பெரிசுகளுக்கு இன்னொன்று. பகல் சோறு. ‘இத்தாலிக்கு வந்து இடியப்பம் தின்னாமல் போறதோ’ என்று பம்பல். அதற்கு உரல் லண்டனில் இருந்து பெட்டிக்குள் வந்திருந்தது, பிழிகிற கை வரவில்லை. 23 கோப்பை, 23 கிளாஸ், நாளுக்கு மூன்று தரம். கோப்பை கழுவுகிற மெசின் இருந்தது. அதுக்குள் அடுக்குகிறதும் எடுக்கிறதும் ஆரோ தானே.

முதல் இரவே கரண்ட் போனது. இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட், இந்த வீட்டில் கொஞ்சம் கூட எடுத்திருப்பார்கள். ஆனால் அவன், மெசின், ஏசி, மூன்று அறையில் தலைமயிர் காய வைக்கிற மெசின் எல்லாம் ஒரே நேரத்தில் என்றால் தாங்காது. பொறியியலாளர் இரண்டு பேர் போன் வெளிச்சத்தில் வீடு முழுக்கத் தேடினார்கள். சின்னம்மா நேரே போய்ப் படிக்குக் கீழே பெட்டியைத் திறந்து தட்டி விட்டா. ‘அவனும் மெசினும் ஒண்டாய்ப் போடாதேங்கோ’ என்றா. எல்லாரும் கை தட்டினோம். அந்த அறிவு எங்கே இருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 24 வருசமாய் மற்றவையின்ர வீட்டுக்குள் நின்ற அறிவு அது.

இரண்டாம் நாள் குசினிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். என் வயதில் நாலு மச்சான்மார் குளத்தடியில் கிடந்தார்கள். அவைக்கு ‘பாவம், வருசம் முழுக்க வேலை, களைச்சுப் போய் வந்திருக்கினம்’. நான் பொம்பிளைப் பிள்ளை, அதுவும் ஊரில் இருந்து வந்த பிள்ளை. செர்பியெரியின் அட்டவணையில் எனக்கு 0.6 கிடைத்திருக்கும். எங்கட குடும்ப அட்டவணையில் என்ன இலக்கம் என்று தெரியாது. சின்னம்மாவின் இலக்கம் தெரியும். பூச்சியம். ஏனென்றால் அது வேலை இல்லையாம், பாசமாம்.

அவை சொல்லுகிற நியாயங்கள்

திரும்பி வந்த பிறகு குடும்பக் குழுவில் இதைப் பற்றி எழுதினேன். வந்த பதில்களை ஒவ்வொன்றாய் எடுக்கிறேன்.

‘காசு கட்டித்தானே எடுத்தனாங்கள்.’ வீட்டுக்குக் கட்டினீர்கள். சின்னம்மாவுக்கு யார் கட்டினது? அவ தன்ர பங்குக் காசையும் கட்டினவ. ஆளுக்கு இவ்வளவு என்று சமமாய்ப் பிரித்த அப்பில் அவவின்ர பெயரும் இருந்தது. காசு சமம், வேலை சமமில்லை. பாதிப் பாதி முறையை விட இது மோசம். குடியானவன் நிலத்துக்கு வாடகையாவது கட்டவில்லை.

‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யிறாய்.’ உண்ட சோற்றைச் சமைத்தது யார்? அவவுக்கு நான் இரண்டகம் செய்யவில்லை.

‘நீயும் நீந்தினாய் தானே.’ ஓம். நீந்தினேன். முதல் மூன்று நாளும் ஒன்றும் யோசிக்காமல் நீந்தினேன். அந்தப் படத்தையும் நான்தான் எடுத்தேன், ‘எல்லாரும் வந்தாச்சா’ என்று கேட்டுவிட்டு எடுத்தேன், ‘ஓம்’ என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் எண்ணவில்லை. இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டு நீளமானது, நானும் அதில்தான் நிற்கிறேன்.

‘கம்பஸில இடதுசாரிக் கதை படிச்சுப் போட்டு வந்து விசர்க் கதை கதைக்கிறாய்.’ இடதுசாரி நண்பர்களும் இதே அளவுக்குப் பிழை விடுகிறார்கள். ‘அந்த வில்லாவுக்கே போயிருக்கக் கூடாது’ என்று ஒரு தோழர் சொன்னார். சுலபம். போகாமல் இருந்தால் குடியானவர் திரும்பி வரப் போவதில்லை. சிதறின குடும்பம் ஒரு கிழமை ஒன்றாய் இருக்க விரும்புவது பாவமும் இல்லை. அந்தத் தோழரின் வீட்டில் கூட்டம் முடிந்த பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுவது அவருடைய அம்மா. எனக்குத் தெரியும், நான் அந்தக் கோப்பையில் குடித்திருக்கிறேன்.

கடைசி நியாயம்தான் பெரிய நியாயம். ‘அவவுக்கு உதுதான் சந்தோசம். சும்மா இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டா.’

இதை எல்லாரும் சொன்னார்கள். பெரியம்மா சொன்னா, மாமி சொன்னா, ஊரில் அம்மாவும் சொன்னா. கேட்டால் சின்னம்மாவே சொல்லுவா: ‘கதிரையில இருந்தால் கை கால் உளையுது மோனை.’ அலிச்சே ரோர்வாக்கர் என்கிற இத்தாலிய இயக்குநரின் ‘ஹப்பி அஸ் லட்சாரோ’ (2018) என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு சீமாட்டி, மெட்சாட்ரியா ஒழிந்த செய்தியையே தன்ர குடியானவர்களுக்குத் தெரியாமல் மறைத்து, பழையபடி வேலை வாங்குகிறா. அந்தக் குடியானவர்களுக்குள்ளும் லட்சாரோ என்று ஒரு நல்ல பெடியன், யார் என்ன சொன்னாலும் செய்கிறவன். சீமாட்டி குடியானவர்களை ஏய்க்கிறா, குடியானவர்கள் அவனை ஏய்க்கிறார்கள். அவன் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை ‘அவனுக்கு விருப்பம்’ என்று வாசிப்பது எவ்வளவு வசதி!

வெள்ளி இரவு நானும் சின்னம்மாவும் ஒரே அறையில் உடுப்பு அடுக்கிக் கொண்டிருந்தோம். (கீழே, குசினிக்குப் பக்கத்து அறை. குளியலறையோடு இருந்த அறைகள் எல்லாம் முதல் நாளே பிரிபட்டு விட்டன.) அவவின்ர பையின் அடியில் ஒரு கருநீல நீச்சல் உடுப்பு, கை முட்ட மறைக்கிற மாதிரி. பலெர்மோவில் ஆடி மலிவு விற்பனையில் வாங்கினதாம். விலைச்சிட்டை அப்படியே தொங்கினது.

‘நேரம் கிடைக்கேல்ல’ என்றா.

சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டை ஒப்படைக்க வேண்டும். நாலு மணிக்கு அடுத்த குழு வரும். அந்த ஆறு மணித்தியாலத்துக்குள் துப்பரவாக்க ஒன்பதரைக்கே இரண்டு பெண்கள் வந்து விட்டார்கள், ருமேனியாக்காரர், அக்காவும் தங்கச்சியும். சின்னம்மா விடிய ஐந்து மணிக்கு எழும்பி, எழும்பினவர்களின் கட்டில் விரிப்புகளை எல்லாம் கழட்டிக் குவித்துக் கட்டி வைத்திருந்தா. ‘துப்பரவுக் காசு கட்டினனாங்கள் தானே, விடு’ என்றா பெரியம்மா.

‘பத்து அறை, ரெண்டு பேர், ஆறு மணித்தியாலம். எனக்குத் தெரியும் அக்கா’ என்றா சின்னம்மா.

அந்த ஒரு கிழமையில் அவ பெரியம்மாவுக்கு எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு வாசலில் நின்று அந்த இரண்டு பேரோடும் பத்து நிமிசம் கதைத்தா. மூன்று பேரும் சிரித்தார்கள். என்ன கதைத்தது என்று கேட்டேன். ‘முழங்கால் நோவைப் பற்றி’ என்றா.

என்ன செய்யலாம்

பெரிய மாற்றம் ஒன்றும் கேட்கவில்லை. குழுவாய்ப் போய் ஒரு வீட்டில் தங்குகிற எல்லாருக்கும், அது தொஸ்கானாவாய் இருந்தாலும் சரி, எங்கட துறை ஆக்கள் போகிற நுவரெலியா பங்களாவாய் இருந்தாலும் சரி, நாலு விசயம் சொல்கிறேன்.

ஒன்று, அறை பிரிக்க முதல் வேலையைப் பிரியுங்கள். பட்டியலை எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். ‘பாத்துச் செய்வம்’ என்றால் பார்க்கிறவர் ஒருவர், செய்கிறவர் இன்னொருவர்.

இரண்டு, ஆண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். இறைச்சி வாட்டுவது மட்டும் சமையல் இல்லை. வாட்டின கம்பியைத் தேய்ப்பதும் சேர்த்துத்தான்.

மூன்று, வருசம் முழுக்க அந்த வேலையைச் செய்து பிழைக்கிறவர் உங்கள் குழுவில் இருந்தால், அவரைக் குசினிக்குள் விடாதீர்கள். அவர் கெஞ்சினாலும் விடாதீர்கள். கை கால் உளைந்தால் உளையட்டும், இரண்டு நாளில் பழகும். சும்மா இருக்கவும் பழக வேணும். எங்களுக்கெல்லாம் அது எவ்வளவு கெதியாய்ப் பழகினது!

நாலு, வீட்டை விட்டு வரும்போது உங்களுக்குப் பிறகு வரப்போகிற இரண்டு பெண்களை நினைத்து வீட்டை விடுங்கள்.

எங்கட குடும்பத்துக்கு ஐந்தாவதும் இருக்கிறது. பெரியம்மாவின் ஊர் வீடு எங்கட வளவுக்கு அடுத்த வளவு. 20 வருசத்துக்கு மேலாய்ப் பூட்டிக் கிடக்கு. வெள்ளிக்கு வெள்ளி அம்மா போய்த் திறந்து, கூட்டி, விளக்கு வைத்து, கிணற்றடியைத் தேய்த்துவிட்டு வருவா. அதுவும் பாசம், அதற்கும் இலக்கம் பூச்சியம். இந்த வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு 14 பேர் வருகினம், மூன்று கிழமை. அம்மா இப்போதே மெத்தை காயப் போடத் தொடங்கி விட்டா.

நேற்று இரவு குடும்பக் குழுவில் அந்த மூன்று கிழமைக்கும் ஒரு வேலைப் பட்டியல் போட்டிருக்கிறேன். முதல் நாள் பகல் கோப்பை கழுவுவது பெரியப்பா. அம்மாவின் பெயர் அதில் இல்லை.